சிலியில் பஸ்ஸும் வாடகைக் காரும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை விஷயமாக மூன்று வருடம் சாண்டியாகோவில் இருந்தேன். அந்தக் காலத்தில் வடக்கே அரிக்காவிலிருந்து தெற்கே புன்ட்டா அரேனாஸ் வரை பெரும்பாலும் பஸ்ஸிலும், பஸ் போகாத இடங்களுக்கு வாடகைக் காரிலும் சுற்றினேன். ஊர் திரும்பியதிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பியதைச் சேர்த்து, கேள்வியை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, இங்கே போட்டிருக்கிறேன்.

சிலி சின்ன நாடுதானே, ஒரே காரை எடுத்து முழுசா சுத்திடலாமா?

அகலம்தான் குறைவு. நீளம் சுமார் 4,300 கி.மீ., கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போவதைவிட அதிகம். தலைநகர் சாண்டியாகோ நடுவில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கு எல்லையில் இருக்கும் அரிக்கா ஏறக்குறைய 2,000 கி.மீ., தெற்கே புவேர்ட்டோ மோன்ட் 1,000 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டையும் இணைப்பது ரூட்டா 5 என்ற ஒரே நெடுஞ்சாலை. புவேர்ட்டோ மோன்ட்டுக்குத் தெற்கே கதையே வேறு, அது பின்னால் வரும்.

என் கருத்து இதுதான்: வடக்கு தெற்கான நீளப் பயணத்துக்கு பஸ், நேரம் இல்லையென்றால் விமானம். போய்ச் சேர்ந்த ஊரில் மூன்று நான்கு நாளுக்குக் கார். ரூட்டா 5-ல் கார் ஓட்டுவது லாரிகளுக்கும் சுங்கச்சாவடிகளுக்கும் நடுவே நாள் முழுக்க நேராக உட்கார்ந்திருக்கும் வேலை, அதே தூரத்தை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். கார் வேண்டியது அந்தச் சாலையிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும்போதுதான், மலைப் பள்ளத்தாக்கு, உயரத்து ஏரி, தேசியப் பூங்கா எல்லாமே அப்படிப் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. தவிர, காரை ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள், தூரம் கூடக் கூட அது வாடகையையே தாண்டிவிடும்.

சாண்டியாகோவில் பஸ் ஸ்டாண்ட் எங்க இருக்கு?

ஒன்று இல்லை, பல இருக்கின்றன, நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். நல்லவேளை எல்லாம் மெட்ரோவின் 1-ஆம் தடத்திலேயே இருக்கின்றன. யுனிவர்சிதாத் தே சாண்டியாகோ நிலையத்தில் இறங்கினால் அலமேதா என்ற நிலையமும், கொஞ்ச தூரத்திலேயே தெற்கு நிலையமும் வரும். எஸ்தாசியோன் சென்ட்ரலில் சான் போர்ஹா இருக்கிறது. மேற்கே பஹரீத்தோஸில் ஏறினால் நகர நெரிசலில் மாட்டாமல் வால்பராய்சோ போய்விடலாம், விமான நிலையத்திலிருந்து வரும் பஸ்ஸும் அங்கே நிற்கும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று அச்சிட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நடைமேடைக்கு அங்கே ‘அந்தேன்’ என்று பெயர். டிக்கெட்டில் ஒரே எண் இருக்காது, பத்திலிருந்து இருபது வரை என்கிற மாதிரி இருக்கும். அந்த இடங்களுக்கெல்லாம் நடுவில் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரே ஊருக்கு ஒரே கம்பெனியின் இரண்டு பஸ் பத்து நிமிட இடைவெளியில் வரும், அதனால் புறப்படும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

ஊருக்குள் ஓடும் பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். மெட்ரோ நிலையத்தில் ‘பிப்’ அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், பஸ், மெட்ரோ இரண்டுக்கும் அதுவே போதும்.

செமி காமா, சலோன் காமா என்று போட்டிருக்கே, எதை எடுப்பது?

‘காமா’ என்றால் கட்டில். செமி காமா நம் ஊர் செமி ஸ்லீப்பர் மாதிரி, வரிசைக்கு நான்கு இருக்கை, ஓரளவு பின்னால் சாயும். சலோன் காமாவில் வரிசைக்கு மூன்றே இருக்கை, அகலம் அதிகம், கால் வைக்கத் தனியாகப் பலகை உண்டு. அதற்கும் மேலே, ஏறக்குறைய முழுசாகப் படுக்கும் வகை ஒன்று இருக்கிறது, பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஐந்து ஆறு மணி நேரப் பகல் பயணத்துக்கு செமி காமாவே தாராளம். ராத்திரிப் பயணம் என்றால் சலோன் காமா எடுங்கள். புவேர்ட்டோ மோன்ட்டுக்கு 12, 13 மணி நேரம், வடக்கே பாலைவன ஊரான சான் பெட்ரோ தே அட்டகாமாவுக்கு கிட்டத்தட்ட ஒரு முழு நாள். இதில் காசை மிச்சம் பிடித்து மறுநாள் இடுப்பு வலியோடு சுற்றுவதில் அர்த்தமில்லை. மாடி பஸ்ஸில் கீழ்த்தளம் பெரும்பாலும் சலோன் காமா. மேலே முதல் வரிசை கிடைத்தால் முன்கண்ணாடி முழுக்க உங்களுடையது, பகல் பயணத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

டிக்கெட் இங்கிருந்தே ஆன்லைனில் போட முடியுமா?

முடியும். ஆனால் சில தளங்கள் ‘ருட்’ எண் கேட்கும், அது சிலி மக்களின் அடையாள எண். பக்கத்திலேயே பாஸ்போர்ட் என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும், தேடிப் பாருங்கள். வெளிநாட்டு அட்டையைச் சில சமயம் ஏற்காது, அப்போது நேரில் கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. துர்பஸ், புல்மன் இரண்டும் நாடு முழுக்க ஓடுகிற பெரிய கம்பெனிகள், தெற்கே சிலோயே தீவுப் பக்கம் போனால் க்ரூஸ் தெல் சூர்.

விலை நிலையானது இல்லை, முன்கூட்டியே எடுத்தால் குறையும். கவனிக்க வேண்டிய காலம் இரண்டு. ஒன்று செப்டம்பர் 18, 19 தேசிய விடுமுறை, சாண்டியாகோவே காலியாகி எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள்; நம் ஊரில் பொங்கலுக்கு முந்தைய நாள் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ஜனவரி, பிப்ரவரி, அது அவர்களுக்குக் கோடை விடுமுறை. மற்ற நாட்களில் கிளம்புவதற்கு முந்தைய நாள் எடுத்தாலே போதும்.

ராத்திரி பஸ் பயமில்லையா? பை பத்திரமா இருக்குமா?

பஸ்ஸைப் பற்றிப் பயமே வேண்டாம். பெரிய கம்பெனிகளில் தொலைதூரப் பயணத்துக்கு ஓட்டுநர் மாறுவார், கூட ஓர் உதவியாளர் வருவார், சீட் பெல்ட் கட்டாயம். பஸ்ஸுக்கு வேக வரம்பு 100 கி.மீ., இப்போது எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது பயணிகளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் எண்களில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கைப் பாட்டி அதையே பார்த்துக்கொண்டு வந்து, 100-ஐத் தாண்டியதும் எழுந்து போய் ஓட்டுநரைக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடியில் வைக்கும் பெட்டிக்குச் சீட்டு ஒட்டி, பாதியைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள், அது இல்லாமல் பெட்டி திரும்பக் கிடைக்காது. ஜாக்கிரதை வேண்டியது நிலையத்தில். சாண்டியாகோ நிலையங்களில் கவனத்தைத் திருப்பிப் பையைத் தூக்குவது சகஜம். பாஸ்போர்ட், பணம், மருந்து இருக்கும் சின்னப் பை மடியிலேயே இருக்கட்டும், தலைக்கு மேலேயும் வேண்டாம், காலடியிலும் வேண்டாம்.

வடக்கே இகீக்கே, அரிக்கா பக்கமிருந்து தெற்கே வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். இகீக்கே வரி இல்லா வணிக ஊர், அதனால் வழியில் சுங்கச் சோதனை உண்டு. நடு ராத்திரியில் எழுப்பிப் பெட்டியோடு வரிசையில் நிறுத்தினால் பதற வேண்டாம், எல்லோருக்கும் அதுதான்.

வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்களா?

பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள், நின்றாலும் ஊர் நிலையத்தில் ஆளை ஏற்றி இறக்கும் நேரம்தான். தண்ணீர், ரொட்டி, பழம் கையில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சீஸ் எம்பனாடா (சோமாசி மாதிரி, மாவுக்குள் சீஸ் வைத்தது) கேளுங்கள், எங்கும் கிடைக்கும், கறி வைத்த ‘பினோ’ என்று தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கழிப்பறை உண்டு, நிலையத்துக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் விட்டுவிடாதீர்கள். சாண்டியாகோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் போனால் லா லிகுவா பக்கம், வெள்ளை அங்கி போட்ட பெண்கள் சாலையோரம் நின்று வெள்ளைத் துணியை வீசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊர் இனிப்பு பிரசித்தம், அதை விற்கத்தான் அந்தக் கையசைப்பு. காரில் போனால் நிறுத்தி வாங்குங்கள்.

நம்ம லைசென்ஸ் அங்க செல்லுமா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். அதோடு மூல லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கார் கம்பெனி ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும், டெபாசிட்டாக ஒரு தொகையை அதில் நிறுத்தி வைக்கும். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம். நேர்ச்சாலையில் பிரச்சினையே இல்லை, ஆள் இல்லாத சின்னச் சாலையில் இடப்பக்கம் திரும்பும்போதுதான் கை பழக்கத்தில் தப்பான பக்கம் போகும். முதல் இரண்டு நாள் பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலது, வலது’ என்று சொல்லட்டும். கியர் வண்டிதான் அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லி, கூடுதலாகக் கொடுத்து எடுக்க வேண்டும்.

கார் எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

முதலில் ஸ்டெப்னி. முழு அளவு டயரா, காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தே பாருங்கள். அப்புறம் வண்டியைச் சுற்றி, கூரையும் அடிப்பக்கமும் சேர்த்து, வீடியோ எடுங்கள். வண்டிக்குள் இருக்கும் ஆவணங்கள் மூன்று நான்கு: பதிவுப் பத்திரம், சாலை அனுமதி, தகுதிச் சான்று, ‘சோவாப்’ என்கிற கட்டாயக் காப்பீடு. காரபினெரோஸ், அதாவது போலீஸ், நிறுத்தினால் இதைத்தான் கேட்பார்கள்.

காப்பீட்டுத் தாளில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணத் திட்டத்தில் பெரும்பாலும் சேராது, ஆனால் மண் சாலையில் அடிபடுவது இந்த மூன்றும்தான்.

டோல் எப்படிக் கட்டுவது? சாண்டியாகோவில் சாவடியே இல்லைன்னு சொல்றாங்களே?

நகருக்குள் விரைவுச் சாலைகளில் சாவடி கிடையாது, மேலே வளைவுகளில் இருக்கும் கருவி காரிலுள்ள ‘டாக்’ பட்டையைப் படித்துக்கொள்ளும். வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கும், கட்டணத்தை கம்பெனி உங்களிடம் வசூலிக்கும். சில கம்பெனிகள் நாளுக்கு இவ்வளவு என்று போடும், சில ஓடிய அளவுக்குப் போடும், எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஊருக்கு வெளியே ரூட்டா 5-ல் ‘பெயாஹே’ என்று பலகை வரும், அதுதான் சுங்கச்சாவடி, பெசோ ரொக்கமாக வைத்திருங்கள். பாதைச் சாவடிகளோடு, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடங்களிலும் சின்னச் சாவடி இருக்கும்.

போலீஸ் பிடிச்சா ஏதாவது கொடுத்துட்டு வந்துடலாமா?

கூடவே கூடாது. காரபினெரோஸிடம் பணம் நீட்டுவது அங்கே பெரிய குற்றம், அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டியது கைதாகிவிடும். ஊருக்குள் 50, இருவழிச் சாலையில் 100, பிரித்த நெடுஞ்சாலையில் 120 கி.மீ. வரம்பு. ஊருக்கு வெளியே பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், நம் ஆட்கள் மறப்பது இதைத்தான். ‘பாரே’ என்ற சிவப்புப் பலகை வந்தால் எதிரே ஆளே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்டம் 2012-லும் 2014-லும் மேலும் கடுமையானது, ஒரு பீர் குடித்தாலும் அன்றைக்கு சாவியைத் தொடாதீர்கள்.

சாலையோரங்களில் பொம்மை வீடு மாதிரி சின்னச் சின்ன மாடங்கள் வரும், பூவும் மெழுகுவர்த்தியும் வைத்திருக்கும். ‘அனிமிட்டா’ என்பார்கள், அந்த இடத்தில் விபத்தில் இறந்தவர்களுக்காக வைத்தது. சில வளைவுகளில் மூன்று நான்கு சேர்ந்தே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கால் தானாகவே ஆக்சிலேட்டரிலிருந்து எடுபட்டுவிடும்.

அட்டகாமா பாலைவனத்துக்கு சாண்டியாகோவிலிருந்தே கார்ல போகலாமா?

வேண்டாம், முதல் பதிலில் சொன்ன காரணம்தான். கலாமாவுக்கு விமானத்திலோ பஸ்ஸிலோ போய் அங்கே கார் எடுங்கள், சான் பெட்ரோ அங்கிருந்து 100 கி.மீ. கலாமாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். பெட்ரோலுக்கு அங்கே ‘பென்சினா’ என்று பெயர், 93, 95, 97 என்று மூன்று வகை. நிலவுப் பள்ளத்தாக்கு, பக்கத்து உப்பு ஏரிகள் இதற்கெல்லாம் கார் அருமை, சுற்றுலாக் கூட்டம் கிளம்பிப் போன பிறகும் நீங்கள் இருக்கலாம்.

எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் வேனில் போங்கள். சான் பெட்ரோ 2,400 மீட்டர், எல் தாத்தியோ 4,300 மீட்டர். விடியலுக்கு முன்னால் கும்மிருட்டில், பூஜ்யத்துக்குக் கீழே குளிரில், காற்று குறைந்து தலை சுற்றுகிற உயரத்துக்குத் தெரியாத மண் சாலையில் ஓட்ட வேண்டும். போன முதல் நாளே அங்கே போகவும் வேண்டாம், இரண்டு நாள் உடம்பு பழகட்டும். அரிக்காவிலிருந்து சுங்காரா ஏரி போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: கடல் மட்டத்தில் காலை உணவு, மதியம் 4,500 மீட்டர். வழியில் புத்ரே ஊரில் ஒரு ராத்திரி தங்கிப் போங்கள்.

கரெத்தேரா ஆஸ்த்ராலுக்கு பஸ் இருக்கா? கார்தான் வேணுமா?

புவேர்ட்டோ மோன்ட்டிலிருந்து வியா ஒஹிக்கின்ஸ் வரை போகும் சுமார் 1,240 கி.மீ. சாலை இது, 1976-ல் வெட்ட ஆரம்பித்தார்கள். சாலை என்று சொன்னாலும் நடுவில் கடல் நுழைந்த இடங்களில் காரோடு படகில் ஏற வேண்டும். ஓர்னோபிரேனிலிருந்து போகும் படகு மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல், ஜனவரி பிப்ரவரியில் முன்பதிவு இல்லாமல் போனால் கரையில்தான் நிற்பீர்கள்.

பஸ் இருக்கிறது, மினி பஸ். சில ஊர்களுக்குத் தினமும், சில ஊர்களுக்கு வாரத்தில் சில நாள். பத்து நாளில் முடிக்க நினைத்தால் அட்டவணை உங்களை ஓட்டும், மூன்று வாரம் இருந்தால் பஸ் போதும். என்னைக் கேட்டால் சிலியில் காருக்குச் செலவு செய்ய ஓர் இடம் மட்டும்தான் என்றால் அது இந்தச் சாலைதான். தொங்கும் பனியாறு, மழைக்காடு, பால் கலந்த நீல நிறத்தில் ஆறு என்று அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தத் தோன்றும், பஸ் நிற்காது. பால்மசேதா விமான நிலையத்தில் இறங்கிக் கார் எடுத்து, தெற்கே ரியோ ட்ராங்கீலோவின் பளிங்குக் குகைகள் வரை போய் வருவது ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். வியா செரோ காஸ்டியோவுக்குத் தெற்கே பெரும்பகுதி ‘ரிப்பியோ’, அதாவது ஜல்லி மண் சாலை. அதில் 50-க்கு மேல் போகாதீர்கள், எதிரே லாரி வந்தால் இன்னும் குறையுங்கள், பெட்ரோல் பாதி இருக்கும்போதே அடுத்த பங்கில் நிரப்புங்கள்.

பஞ்சர் ஆனா என்ன செய்யுறது?

ரிப்பியோவில் பஞ்சர் ஆவது சகஜம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால், பழைய டயரில் வெள்ளைப் பெயின்டால் ‘வுல்கனிசாசியோன்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். நம் ஊர் வல்கனைசிங் கடையேதான், பெயர்கூட அதே! மொழி தெரியாமலே வேலை முடிந்துவிடும். ஒட்டியதும் அதே டயரைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்புங்கள், ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

சாண்டியாகோவில் பஞ்சர் ஆனால் மட்டும் சந்தேகப்படுங்கள். சிக்னலில் டயரைக் குத்திவிட்டு, நீங்கள் இறங்கிப் பார்க்கும்போது மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுத்துப் போகும் கும்பல்கள் உண்டு. கதவைப் பூட்டியபடியே மெதுவாகப் பெட்ரோல் பங்க் வரை போய்விடுங்கள், ரிம் கெட்டாலும் பரவாயில்லை. போலீஸுக்கு 133, ஆம்புலன்ஸுக்கு 131.

புவேர்ட்டோ மோன்ட்டிலிருந்து புன்ட்டா அரேனாஸுக்கு மேப் அர்ஜென்டினா வழியா காட்டுதே, தப்பா?

தப்பில்லை. சிலிக்குள்ளேயே அங்கே போக முழுச் சாலை கிடையாது, நடுவில் பனிப்பாறையும் கடற்பிளவுகளும். பஸ்ஸும் அர்ஜென்டினாவுக்குள் போய்த்தான் திரும்ப வரும், ஒரு நாளுக்கு மேல் ஆகும். விமானம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, முன்பே எடுத்தால் பஸ் விலைக்கே கிடைப்பதும் உண்டு. நாள் இருப்பவர்கள் புவேர்ட்டோ நத்தாலெஸுக்குக் கப்பலில் போகலாம், சில நாள் பயணம், அழகு.

புன்ட்டா அரேனாஸ் இருக்கும் மகயானெஸ் பகுதிக்குத் தனி நேரம். கோடையில் சாண்டியாகோவும் அதுவும் ஒன்று, குளிர்காலத்தில் அது ஒரு மணி நேரம் முன்னால். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கணக்குப் போடும்போது இதைப் பாருங்கள்.

வாடகைக் காரை அர்ஜென்டினாவுக்குள் ஓட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் கார் கம்பெனி நோட்டரி கையெழுத்தோடு அனுமதிப் பத்திரம் தர வேண்டும், அர்ஜென்டினாவில் செல்லும் காப்பீடும் வேண்டும். இது தயாராக ஒரு வாரம் பத்து நாள் முன்பே சொல்ல வேண்டும், தனிக் கட்டணம் உண்டு. கார் எடுக்கிற அன்று கேட்டால் நடக்காது. அர்ஜென்டினா விசாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் இருக்கும் மெண்டோசா மட்டும் போக நினைத்தால் பஸ்ஸிலேயே போங்கள், லோஸ் காரகோலெஸ் என்ற கொண்டை ஊசி வளைவுகளை மாடியிலிருந்து பார்ப்பது ஓட்டிக்கொண்டே பார்ப்பதைவிட நல்லது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பனி விழுந்தால் அந்த வழியிலுள்ள மலைக் கணவாயை நாள்கணக்கில் மூடிவிடுவார்கள்.

திரும்பி சிலிக்குள் வரும்போது பழம், விதை, தேன், இறைச்சி, பால் பொருள் எதுவும் இருந்தால் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். எழுதினால் வாங்கிக் குப்பையில் போடுவதோடு சரி. எழுதாமல் பையில் ஒரு ஆப்பிள் அகப்பட்டால் அபராதம். ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பார்ப் பொடி, முழு மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

டோரெஸ் தெல் பைனேவுக்குக் கார் தேவையா?

மலையேறி நடக்கப் போகிறீர்கள் என்றால் தேவையில்லை. புன்ட்டா அரேனாஸிலிருந்து நத்தாலெஸுக்கு மூன்று மணி நேரம், அங்கிருந்து காலையில் டோரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவுக்கு பஸ் கிளம்பும், வாசலுக்கு இரண்டு மணி நேரம். நீங்கள் நான்கு நாள் நடக்கும்போது கார் சும்மா நின்று வாடகை ஏறும். வயதான அப்பா அம்மா கூட வருகிறார்கள், நடக்க முடியாது, சாலையிலிருந்தே பார்க்க வேண்டும் என்றால் கார் எடுங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

எடுத்தால் ஒரே ஒரு விஷயம்: காற்று. வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே திறங்கள், ஒரே நேரத்தில் இரண்டு கதவைத் திறக்காதீர்கள். ஏரிக்கரையில் ஒரு நிமிடம் கவனம் தப்பி நான் கதவைத் திறக்க, காற்று அதை முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து கதவு மூடவே இல்லை, கயிற்றால் கட்டிக்கொண்டு நத்தாலெஸ் வரை ஓட்டினேன். காற்றால் உடைந்த கதவு காப்பீட்டில் வராது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது, கவுண்டரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி, மொழிபெயர்ப்புச் செயலியில் வைத்தாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.